கடைசிச் சகோதரி இருந்த வரைக்கும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பழைய கோவா பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "ஐரோப்பியர் கடல்வழியாக வந்த பிறகு ஆசியாவில் கன்னியாஸ்திரிகளுக்கென்று எழுந்த முதல் மடம் அங்கேதான் இருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் எழுதிய கடிதங்கள்தான் மேசை நிறைய இருக்கின்றன. எனக்கும் அந்த மடத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. அதனால் இந்த மாதம் வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை.

அது எந்த மடம்? "முதல் மடம்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? (ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை)

சாந்தா மோனிகா மடம். புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கம்மாள் பெயரில் எழுந்தது. பழைய கோவாவில் பெரிய கோயில்களெல்லாம் இருக்கும் சமவெளியை விட்டு மேற்கே கொஞ்சம் ஏறினால் ஒரு மேடு வரும். போர்ச்சுகீசியர் அதை "மோந்தி சாந்து", அதாவது புனித மலை என்றார்கள். மலை என்று சொல்லும் அளவுக்கு உயரமில்லை, மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். அங்கே அகுஸ்தீனார் சபைத் துறவிகளின் ஆசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் இந்த மடத்தைக் கட்டினார்கள்.

1606ஆம் ஆண்டு இதற்கு அடிக்கல் நாட்டியவர் கோவாப் பேராயர் அலெய்ஷு தெ மெனேசிஸ். அவரும் அகுஸ்தீனார் சபைக்காரர். இந்தப் பெயரைக் கேரளப் பக்கத்து வாசகர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1599இல் உதயம்பேரூரில் சங்கத்தைக் கூட்டி, மலபாரின் தோமையார் கிறிஸ்தவர்களை ரோமையின் வழிமுறைக்குள் கொண்டுவர முயன்றாரே, அதே மெனேசிஸ்தான். அங்கே அவர் விட்டுப்போன காயம் இன்னும் பேசப்படுகிறது. கோவாவில் பெண்களுக்காக அவர் கட்டிய கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒரே மனிதரின் இந்த இரண்டு முகங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

கட்டி முடிக்க 1627 ஆகிவிட்டது. "முதல் மடம்" என்பதற்குக் கணக்கு எளிது. மணிலாவில் கிளாரா சபைச் சகோதரிகள் மடம் அமைத்தது 1621இல். அங்கிருந்து சீனக் கரையோரத்து மக்காவ் நகருக்குப் போனது 1633இல். கோவா இரண்டுக்கும் மூத்தது.

சரி, எனக்கு என்ன சொந்தம் என்று சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா ஒரு கன்னியாஸ்திரி. எழுபதுகளில் அவரைச் சபையிலிருந்து இரண்டு வருஷம் படிக்க அனுப்பியது இந்தக் கட்டடத்துக்குத்தான். 1964 முதல் அங்கே சகோதரிகளுக்கான இறையியல் கல்வி நிலையமாக "மாத்தர் தேயி" நடந்துவருகிறது. அவர் எங்களுக்கு எழுதிய இன்லேண்டு கடிதங்கள் சில என்னிடம் இருக்கின்றன. முதல் கடிதத்தில் இப்படி ஒரு வரி: "நம்ம ஊர்க் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து இந்த மடத்துக்குள்ள வச்சாலும் இன்னும் இடம் மிஞ்சும்." சிறுமியாக இருந்த நான் அதை நம்பவில்லை. 2023இல் நேரில் போய் நின்றபோதுதான் பெரியம்மா கூட்டிச் சொல்லவில்லை என்று புரிந்தது.

அங்கே மடம் புகுந்த பெண்கள் யார்? நம் நாட்டுப் பெண்களையும் சேர்த்தார்களா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாய், அம்மா. இதைக் கேட்காமல் அந்தக் கட்டடத்தின் அழகை மட்டும் பேசுவது சரியில்லை.

முதலில் வந்தவர்களில் பெயர் நிலைத்தவர் பிலிப்பா த திரிந்தாதே. கணவனை இழந்தவர். மகளையும் கூட்டிக்கொண்டு மடம் புகுந்தார். மகள் மரியா து எஸ்பிரித்து சாந்து. தாயும் மகளும் ஒரே மடத்தில் சகோதரிகள். இவர்களைப் பற்றியும் பின்னால் வந்தவர்களைப் பற்றியும் அகொஸ்தின்யு த சாந்தா மரியா என்ற துறவி எழுதிய பெரிய வரலாறு 1699இல் லிஸ்பனில் அச்சானது. நமக்கு இன்று தெரிவதில் பெரும்பகுதி அந்த நூலின் வழியாக வந்ததுதான்.

மடத்துக்குள் இரண்டு வகை முக்காடு இருந்தது. கறுப்பு முக்காடு போட்டவர்கள் பாட்டுமேடையில் அமர்ந்து லத்தீன் செபங்களைப் பாடுவார்கள். மடத்தின் பொறுப்புகளுக்கும் அவர்களே வருவார்கள். வெள்ளை முக்காடு போட்டவர்கள் சமையல், துவையல், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என்று வீட்டு வேலைகளைச் செய்வார்கள். கறுப்பு முக்காட்டுக்குப் பெரிய சீதனம் கொண்டுவர வேண்டும். ஆமாம், சீதனம்தான். கல்யாணத்துக்குக் கொடுப்பதைப் போல மடத்துக்கும் கொடுத்தார்கள். அந்த இடம் போர்ச்சுகீசியர் வீட்டுப் பெண்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் உரியதாக இருந்தது. இந்த மண்ணின் கிறிஸ்தவப் பெண்ணுக்கு வாசல் திறந்தாலும் வெள்ளை முக்காடுதான் கிடைத்தது. இவர்கள் எல்லோருக்கும் கீழே பணிப்பெண்களும், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் வாழ்வை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த மடத்தை நான் மனதார நேசிக்கிறேன். அதனாலேயே இதை மூடி மறைக்க மனம் வரவில்லை. கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று பாடிய அதே கூரைக்குக் கீழே, யார் பாடலாம் யார் பாத்திரம் தேய்க்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அன்றைய கோவாவில் ஒரு பெண்ணுக்கு அப்பா வீடு, கணவன் வீடு என்று இரண்டே இடங்கள்தான். லிஸ்பனிலிருந்து "அரசரின் அநாதைகள்" என்று பெற்றோர் இல்லாத பெண்களைக் கப்பலேற்றி அனுப்புவார்கள். அவர்களைக் கட்டிக்கொள்பவருக்கு அரசாங்க உத்தியோகம் ஒன்று சீதனமாகப் போகும். கணவன் கடலில் போன பெண்களுக்கும் விதவைகளுக்கும் அடைக்கல இல்லங்கள் இருந்தன. மெனேசிஸ் காலத்தில் எழுந்த அந்த இல்லங்களும் ஒருவகைக் காவல்தான். மடம் அப்படியில்லை. உள்ளே போய்விட்டால் படிக்கலாம், கணக்கு எழுதலாம், நிலபுலன் நிர்வாகம் செய்யலாம், வாக்களித்துத் தங்கள் தலைவியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் வேறு எந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் கிடைத்திருக்கும்?

நகர சபைக்கு இது பொறுக்கவில்லை. போர்ச்சுகீசியப் பெண்களே குறைவு, அவர்களும் மடத்துக்குப் போய்விட்டால் குடும்பம் எப்படிப் பெருகும், சொத்துக்காரப் பெண்களின் பணமெல்லாம் மடத்துக்குள் போய்விடுகிறதே என்று அரசருக்கு முறையீடு மேல் முறையீடாக எழுதினார்கள். சகோதரிகள் 100 பேருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வந்தது. மடத்தின் பக்கம் நின்று வாதாடியவர் அவர்களுடைய பாவசங்கீர்த்தன குருவும் நிர்வாகியுமான தியோகு தெ சாந்தா அனா. விடாப்பிடியான மனிதர்.

அங்கே ஒரு பாடுபட்ட சுரூபம் கண் திறந்தது என்று என் பாட்டி சொல்வார். உண்மையா? (வாசகர், காரைக்கால்)

பாட்டி சொன்னது சரியான இடத்தைத்தான். 1636 பிப்ரவரியில் மடத்தில் இருந்த பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் சுரூபம், கண்களைத் திறந்தது, முள்முடிக் காயங்களிலிருந்து இரத்தம் கசிந்தது, பேச வருவது போல வாய் அசைந்தது என்று சகோதரிகள் சொன்னார்கள். அதனால்தான் மடத்தை ஒட்டிய ஆலயத்துக்கு "அழும் சிலுவை" என்று இன்றும் பெயர் இருக்கிறது. சுரூபம் இன்னும் அங்கே வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

நடந்தது எந்தச் சமயத்தில் என்பதையும் கவனியுங்கள். நகர சபையோடு வழக்கு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. அதனால் சில வரலாற்று ஆசிரியர்கள் இதை மடத்துக்கு ஆதரவு தேடிக்கொடுத்த நிகழ்வாக வாசிக்கிறார்கள். அதே 1636இல்தான் மடத்தில் பெருந்தீ பிடித்து, மறு வருஷம் திரும்பக் கட்டினார்கள். நான் அந்தச் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். என்ன கேட்டேன் என்பதை எனக்குள் வைத்துக்கொள்கிறேன். அடைத்த கதவுக்குள் வாழ்ந்து, வெளியே தங்களுக்கு எதிராகப் பேச்சு எழுந்துகொண்டிருந்த நாளில், சிலுவையில் தொங்குபவர் கண்ணைத் திறந்து தங்களைப் பார்த்தார் என்று அந்தப் பெண்கள் சொன்னதை என்னால் லேசாக ஒதுக்க முடியவில்லை.

400 வருஷம், அதுவும் கோவா மழையில்! கட்டடம் எப்படித் தாங்குகிறது? (பொறியாளர், மதுரை)

மழை அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கல்லோ செம்புரைக்கல். வெட்டி எடுக்கும்போது கத்தியால் சீவலாம் போல மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டுப் பட்டு இறுகும். ஆனால் நீரைக் குடிக்கும். அதனால் மேலே சுண்ணாம்புப் பூச்சு கட்டாயம் வேண்டும். பூச்சு என்பது அந்தக் கல்லுக்குத் தோல் மாதிரி. பக்கத்தில் இருக்கும் போம் ஜேசு பேராலயத்தில், கல் தெரிந்தால் பழமையாக இருக்கும் என்று 1950களில் பூச்சை உரித்துவிட்டார்கள். இப்போது அந்தக் கல் அரிபட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சாந்தா மோனிகா அந்த விபத்திலிருந்து தப்பியது.

மூன்று மாடி, சதுர வடிவம், நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம். சாலைப் பக்கச் சுவர் கீழே சரியாமல் இருக்கப் பிற்காலத்தில் பிரமாண்டமான சாய்வு முட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முட்டுகளுக்கு நடுவில் சாலை ஓரமாக நடந்துபோகும்போது ஒரு கோட்டைக்குக் கீழே நடப்பது போலத்தான் இருக்கும். உள்ளே சுவரோவியங்கள் இருக்கின்றன. வேதாகமக் காட்சிகள், அவற்றைச் சுற்றிப் பூவும் கொடியும். அந்தக் கொடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஐரோப்பா மறைந்து நம் ஊர்ச் சேலைக்கரை தெரிய ஆரம்பிக்கும். வரைந்த கைகள் இந்த நாட்டுக் கைகள்.

மழை பற்றிப் பெரியம்மா எழுதியதையும் இங்கே சொல்லலாம். "ராத்திரி முற்றத்தில மழை விழுந்தா நாலு பக்கமும் தாழ்வாரத்தில அந்தச் சத்தம் சுத்திச் சுத்தி வருது. தூக்கம் வராது, ஆனா பயமும் வராது."

பெபிங்கா என்ற கோவா இனிப்பைக் கண்டுபிடித்தது இந்த மடத்துக் கன்னியாஸ்திரி என்கிறார்களே? (இல்லத்தரசி, கீழக்கரை)

பெபியானா என்ற சகோதரி ஏழு அடுக்காக முதலில் செய்தார், லிஸ்பனின் ஏழு குன்றுகளையும் நினைத்துச் செய்தார், சாப்பிட்டுப் பார்த்த குருக்கள் இன்னும் அடுக்கு வேண்டும் என்றார்கள் என்பது கோவாவில் சொல்லப்படும் கதை. அழகான கதைதான். ஆனால் பிலிப்பைன்ஸில் "பிபிங்கா" என்றும், மலேசியாவில் "பிங்கா" என்றும் தேங்காய்ப்பால் சேர்த்த பலகாரங்கள் இருக்கின்றன. பெயர் கடல் வழியாக வந்திருக்க நியாயம் உண்டு. ஆகவே சகோதரியின் பெயரிலிருந்து பெபிங்கா வந்தது என்பதை நான் நம்பவில்லை.

மடத்துக்கும் இனிப்புக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. போர்ச்சுகல் மடங்களில் முட்டையின் வெள்ளைக்கருவை உடுப்புக்குக் கஞ்சி போட எடுத்துக்கொண்டு, மிஞ்சும் மஞ்சள்கருவில் இனிப்பு செய்வார்கள் என்று சொல்வதுண்டு. பெபிங்காவில் சேருவதைப் பாருங்கள்: மஞ்சள்கரு, சர்க்கரை, தேங்காய்ப்பால், மைதா, நெய், கொஞ்சம் ஜாதிக்காய். முதல் இரண்டும் அந்தப் பக்கத்து மடம், தேங்காய்ப்பால் இந்தப் பக்கத்துக் கரை. ஒரு கரண்டி மாவை ஊற்றி, மேலே தணல் வைத்துச் சிவக்க விட்டு, நெய் தடவி, அடுத்த கரண்டி. பொறுமை இல்லாதவர் கையில் வராது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

கீழக்கரைக்காரர் நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். அங்கே கிறிஸ்துமஸ் தட்டில் பெபிங்காவுக்குப் பக்கத்தில் கறுப்பாக, நெய் மினுங்க இன்னோர் இனிப்பு இருக்கும். அவர்கள் தோதோல் என்பார்கள். ஒரு வாய் வைத்ததும் உங்கள் ஊர்த் தொதல்தான் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இவ்வளவு பெரிய மடம் ஏன் மூடப்பட்டது? தொற்றுநோயாலா? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தூத்துக்குடி)

நோய் நகரத்தைத்தான் காலி செய்தது. காய்ச்சல்கள் மாறி மாறி வந்து பழைய கோவாவில் ஆள் குறைந்துகொண்டே போக, தலைநகரம் பஞ்சிமுக்கு இறங்கிவிட்டது. 1843இல் அது முறைப்படி அறிவிக்கவும் பட்டது. மடத்தை மூடியது ஒரு சட்டம்.

1834இல் போர்ச்சுகலில் உள்நாட்டுப் போர் முடிந்து தாராளவாதிகள் ஆட்சிக்கு வந்தார்கள். நீதித்துறை அமைச்சர் ஜுவாக்கிம் அந்தோனியு தெ அகியார் துறவற சபைகளை ஒழிக்கும் ஆணையைக் கொண்டுவந்தார். மக்கள் அவருக்கு "துறவிகளைக் கொன்றவர்" என்று பட்டப்பெயரே வைத்தார்கள். ஆண்களின் மடங்கள் உடனே மூடப்பட்டுச் சொத்துகள் அரசுக்குப் போயின. அடுத்த வருஷம் அந்த ஆணை கோவாவுக்கும் வந்தது. எதிரில் இருந்த அகுஸ்தீனார் ஆசிரமத்தை விட்டுத் துறவிகள் வெளியேறினார்கள். 1842இல் அதன் கூரை வளைவு இடிந்து விழுந்தது. 1871இல் அதன் பெரிய மணி பஞ்சிம் அமலோற்பவ மாதா கோயிலுக்குப் போனது; இன்றும் அங்கே ஒலிக்கிறது.

பெண்களை மட்டும் அப்படி வெளியே அனுப்பவில்லை. அவர்களுக்கு வேறு மாதிரி எழுதினார்கள்: இருப்பவர்கள் இருக்கலாம், புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, கடைசிச் சகோதரி இறந்ததும் மடம் அரசுக்குச் சேரும்.

தபால் வேலை பார்த்தவர் நீங்கள். கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு வருஷா வருஷம் கடிதம் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதை 51 வருஷத்துக்கு நீட்டிப் பாருங்கள். ஆணை வந்தது 1834. சாந்தா மோனிகாவின் கடைசிச் சகோதரி இறந்தது 1885.

இந்த மடத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 1606, 1636, அற்புதம், தீ என்று எழுதிவிட்டு, "பின்னர் 1885இல் மூடப்பட்டது" என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த 51 வருஷம்தான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. 100 பேருக்கு என்று கட்டிய சாப்பாட்டு அறை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரு நாற்காலி காலி. பாட்டுமேடையில் இரண்டு பக்கமும் நின்று மாற்றி மாற்றிப் பாட வேண்டிய சங்கீதங்கள். ஒரு பக்கத்தில் பாட ஆள் இல்லாமல் போனபோது என்ன செய்திருப்பார்கள்? நோவிஸ், அதாவது பயிற்சிக்கு வரும் இளம்பெண், இல்லாத மடம் என்பது குழந்தை பிறக்காத வீடு. பாட்டுச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, "இப்படிச் செய்யக் கூடாது மகளே" என்று திருத்த யாரும் இல்லை. வெளியே தெருக்களில் தென்னை முளைக்க, எதிர் ஆசிரமத்தின் கூரை இடிந்து விழும் சத்தம் கேட்க, உள்ளே வார்த்தைப்பாட்டின்படி மணி அடித்து, செபம் சொல்லி, கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். போயிருக்கலாம். நகரமே போய்விட்டதே. ஆணை போட்டவர்கள் தடுத்திருக்க மாட்டார்கள், சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

போகாமல் இருந்தார்கள். 20 வயதில் வார்த்தைப்பாடு கொடுத்த ஒருத்தி 70 வயதைத் தாண்டும் வரை அப்படி இருந்திருக்கக்கூடும். அவரைப் பெயர் சொல்லி நான் எழுத ஆசைப்படுகிறேன். நான் பார்த்த நூல் எதிலும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. முதல் தலைவியின் பெயர் அச்சாகி இருக்கிறது, கடைசிச் சகோதரி வெறும் ஒரு வருஷக் கணக்காகிவிட்டார்.

அதன் பிறகு கட்டடம் படைவீரர்கள் தங்கும் இடமாகவும் இருந்தது. 1964இல்தான் திரும்ப சகோதரிகள் வந்தார்கள். 1885க்கும் அதற்கும் நடுவில் 79 வருஷம்.

பக்கத்தில் ஜார்ஜியா நாட்டு ராணி ஒருவரைப் புதைத்திருந்தார்கள் என்பது நிஜமா? (வாசகி, கோயம்புத்தூர்)

நிஜம். முழு உடல் இல்லை, எலும்பில் ஒரு பகுதி. ஜார்ஜியாவின் கக்கேதி அரசைச் சேர்ந்த ராணி கேதேவன். மதம் மாற மறுத்ததால் 1624இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் ஆணைப்படி ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கே இருந்த அகுஸ்தீனார் சபைக் குருக்கள் அவர் எலும்புகளை மீட்டு, ஒரு பகுதியை 1627இல் கோவாவுக்குக் கொண்டுவந்து, சாந்தா மோனிகாவுக்கு எதிரே இருந்த தங்கள் ஆசிரமத்தில் வைத்தார்கள். சாந்தா மோனிகா கட்டி முடிந்த அதே வருஷம் என்பதைக் கவனித்தீர்களா?

ஆசிரமம் இடிந்ததும் அது எங்கே போனது என்று தெரியாமல் போயிற்று. 2004இல் இந்தியத் தொல்லியல் துறையினர் இடிபாடுகளுக்குள் ஓர் எலும்பைக் கண்டெடுத்தார்கள். ஹைதராபாத் ஆய்வகத்தில் மரபணுவைச் சோதித்து, இந்த மண்ணில் சாதாரணமாகக் காணப்படாத வகை என்று 2013இல் அறிவித்தார்கள். 2021இல் இந்திய அரசு அதை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. ஜார்ஜியர்கள் அவரைப் புனிதராக வணங்குகிறவர்கள். விமான நிலையத்திலேயே கண்ணீரோடு வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதைப்போலப் பழைய மடம் உண்டா? (வாசகர், விழுப்புரம்)

இந்த அளவு பழமையானதைச் சொல்ல முடியாது. உங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து தொடங்கலாம். குளூனி சபைச் சகோதரிகள் அங்கே வந்தது 1827இல். அவர்களுடைய வீட்டில் இன்றும் பெண்கள் உட்கார்ந்து பூத்தையல் போடுவதைப் பார்க்கலாம். சென்னைக்கு அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சகோதரிகள் 1842இல் வந்து இறங்கினார்கள். 1844இல் புதுச்சேரியில் துப்புயீ என்ற குரு நம் ஊர்ப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதய சபையை ஆரம்பித்தார், பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க. கோவாவில் வெள்ளை முக்காடுதான் என்று சொன்னேனே, இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் நம் பெண்கள் தொடங்கிய வீடு அது. என் பெரியம்மா போன்றவர்களுக்கு வழி விட்டதும் அப்படிப்பட்ட வீடுகள்தான்.

போய்ப் பார்க்க வேண்டும். வழி சொல்லுங்கள், உள்ளே விடுவார்களா? (வாசகி, திண்டுக்கல்)

கோவாவின் வாஸ்கோவுக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவே வாராந்திர ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்தும் வாஸ்கோவுக்கு ரயில் உண்டு. கொங்கண் ரயிலில் போனால் கர்மாலி நிலையத்தில் இறங்குங்கள், பழைய கோவா பக்கத்திலேயே இருக்கிறது. பஞ்சிமிலிருந்து பஸ்ஸில் போனால் சுமார் 10 கிலோமீட்டர். "வெல்ஹா கோவா" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் போம் ஜேசுவில் சவேரியாரைக் கும்பிட்டுவிட்டு, எதிரில் சே பேராலயத்தையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ 1986இல் ஏற்றுக்கொண்டது "கோவாவின் ஆலயங்களும் மடங்களும்" என்ற பெயரில். ஆனால் வழக்கமாக அதில் எண்ணிச் சொல்லும் ஏழு கட்டடங்களில் சாந்தா மோனிகா இல்லை. எனக்கு அதில் ஆற்றாமை உண்டு. அதனால் கூட்டமும் இல்லை. மேட்டில் ஏறியதும் 46 மீட்டர் உயரத்துக்கு ஒற்றையாக நிற்கும் அகுஸ்தீனார் கோபுரம் தெரியும். அதன் முகப்பும் பாதிக் கோபுரமும் 1931இல் விழுந்துவிட்டன, மிச்சம்தான் நாம் பார்ப்பது. அதற்கு எதிரில் மடம்.

மடத்தின் குடியிருப்புப் பகுதிக்குள் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. அங்கே சகோதரிகள் படிக்கிறார்கள், அது அவர்கள் வீடு. பார்க்க வேண்டியது ஆலயப் பகுதியில் இருக்கும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம். 1994இல் ராஷோல் குருமடத்தில் தொடங்கி, பிறகு இங்கே இடம் மாறியது. புதுப்பித்து 2022இல் திரும்பத் திறந்தார்கள். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடா வடிவத்தில் வெள்ளியில் ஒரு நற்கருணைப் பேழை இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். தந்தத்தில் செய்த குழந்தை இயேசு சுரூபங்களின் முகத்தையும் கிட்டப் போய்ப் பாருங்கள், நம் வீட்டுக் குழந்தைகளின் கன்னம் அதில் இருக்கும்.

நான் போன அன்று வெளியே வரும்போது மாலை ஆகிவிட்டது. உள்ளே எங்கோ மேல் மாடியில் சகோதரிகள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மொழி பிடிபடவில்லை, கொங்கணியா ஆங்கிலமா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் பாதி மந்திரத்தைச் சொல்ல, மறுபக்கம் மீதியைச் சொன்னது. இரண்டு பக்கத்திலும் ஆள் இருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மகன் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் முட்டுச் சுவரை விட்டு நகர்ந்தேன்.